எல்லாம் செய்தாயிற்றா?

நின்றுபோன இதயத்தை மறுபடி ஓட வைக்க முயல வேண்டுமா, வேண்டாமா? இப்படி ஒரு கேள்வியை என் பாட்டனார் காலத்தில் யாராவது கேட்டிருந்தால், கேட்டவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றே ஊரார் முடிவு கட்டியிருப்பார்கள். அன்றைக்கு இதயம் நிற்பதும் மனிதன் இறப்பதும் ஒன்றே. நாடி பிடித்துப் பார்த்த வைத்தியர் நோயாளியின் கையை மெல்லக் கீழே வைத்தாரானால், அதற்குமேல் கேள்வி கிடையாது, அழுகைதான் உண்டு. இன்றைக்கு அப்படி இல்லை. இதயம் நின்ற அந்த நிமிஷத்தில்தான் ஆஸ்பத்திரியில் பரபரப்பு ஆரம்பமாகிறது. நம்முடைய கேள்வியும் அங்கேதான் பிறக்கிறது.

இந்த மாறுதலுக்கு வயது அதிகம் இல்லை. 1960-ஆம் வருஷம் ஜூலை மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் மூவர்: கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர். மூவரும் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். இவர்களில் மூத்தவரான கௌவன்ஹோவன் வைத்தியரே அல்ல; மின்சார என்ஜினீயர். மின்சாரக் கம்பிகளில் வேலை செய்யும் ஆட்கள் அதிர்ச்சி தாக்கி மாண்டுபோகிறார்களே, அவர்களை மீட்க வழி உண்டா என்று பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தவர். அவருடன் வேலை செய்த இளைஞர் நிக்கர்பாக்கர், 1958-ல் நாய்களை வைத்துச் சோதனை நடத்தும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தார். மின்சாரம் பாய்ச்சுவதற்கான கனத்த தகடுகளை மார்பின்மேல் வைத்து அழுத்தினவுடனே, இன்னும் மின்சாரம் பாயாதபோதே, நாயின் ரத்த அழுத்தம் சற்று உயர்ந்தது. வெறும் அழுத்தத்தினாலேயே ரத்தம் ஓடுகிறது என்பது புலனாயிற்று. அதற்கு முன்பெல்லாம் நின்ற இதயத்தை ஓட்ட வேண்டுமானால் மார்பைக் கத்தியால் பிளந்து, இதயத்தைக் கையில் பிடித்துப் பிசைய வேண்டும். இனிக் கத்தி வேண்டாம், இரண்டு கைகள் போதும் என்று ஆயிற்று. அதே பால்டிமோரில் பீட்டர் ஸாஃபர் என்ற மயக்க மருந்து நிபுணர், வாயோடு வாய் வைத்து மூச்சைச் செலுத்தும் முறை பயன் தரும் என்று நிரூபித்திருந்தார். இரண்டும் சேர்ந்தன. எமனோடு வாதாடிய சாவித்திரியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதைவிட வேறு என்ன அதிசயம் வேண்டும்?

அந்தக் கட்டுரையில் 20 நோயாளிகளைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். 14 பேர் பிழைத்தார்கள். நூற்றுக்கு 70! உலகம் கொண்டாடியதில் வியப்பில்லை. என்ஜினீயர் கௌவன்ஹோவனுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1969-ல் கௌரவ மருத்துவப் பட்டமே வழங்கிற்று. ஆனால் அந்த 20 பேரில் பலர் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்காக மயக்க மருந்து கொடுத்த வேளையில் திடீரென்று இதயம் நின்றவர்கள் அவர்கள். பக்கத்திலேயே டாக்டர் நிற்கிறார். உடம்பிலே மற்ற உறுப்புகள் சரியாக இருக்கின்றன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் எதிலோ இடித்து நின்றுவிட்டதைப் போல. அதைத் தட்டிவிட்டால் ஓடும். பல் தேய்ந்து, வில் தளர்ந்து, எண்பது வருஷம் ஓடிக் களைத்து நின்ற கடிகாரத்தைத் தட்டினால் என்ன ஆகும்?

இந்த வித்தியாசத்தை ஆஸ்பத்திரிகள் மறந்துவிட்டன. மறந்துவிட்டன என்று சொல்வதுகூடச் சரியில்லை. அதை நினைத்துப் பார்க்க நேரம் இல்லை. ரத்தம் ஓடாவிட்டால் நாலைந்து நிமிஷத்தில் மூளை கெடத் தொடங்கிவிடும். அந்த நாலைந்து நிமிஷத்தில் யாரிடம் போய்ச் சம்மதம் கேட்பது? நோயாளியோ பேச முடியாதவன். ஆகவே ஒரு விதி உண்டாயிற்று: யாருடைய இதயம் நின்றாலும் முதலில் அழுத்து, பிறகு யோசி. வேறு எந்தச் சிகிச்சைக்கும் நோயாளியின் அனுமதி வேண்டும். ஒரு பல்லைப் பிடுங்க வேண்டுமானாலும் கேட்டுவிட்டுத்தான் பிடுங்குகிறார்கள். இந்த ஒரு சிகிச்சைக்கு மட்டும் செய்வதற்கு உத்தரவு வேண்டாம். செய்யாமல் இருப்பதற்குத்தான் உத்தரவு வேண்டும்.

சாலையில் விழுந்தவனுக்கும், ரெயில்வே பிளாட்பாரத்தில் சரிந்தவனுக்கும், நீரில் மூழ்கிய குழந்தைக்கும் இந்த விதி மிகவும் சரி. அங்கே யோசிப்பவன் பாவி. என் சந்தேகம் அவர்களைப் பற்றியதல்ல. ஆஸ்பத்திரியில் பல நாளாகப் படுத்திருக்கிறார்களே, சாவு வரும் திசையை டாக்டரும் உறவினரும் நோயாளியுமே அறிந்திருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான்.

அந்தச் சிகிச்சை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மார்பின் நடுவே ஒரு கையின்மேல் மறு கையை வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் 5 செண்டிமீட்டருக்குக் குறையாமல் மார்பு பள்ளமாகும்படி அழுத்த வேண்டும். மெதுவாகச் செய்தால் பயனில்லை. விலா எலும்புகள் முறிவது சகஜம். தொண்டைக்குள் குழாய் செலுத்துவார்கள். ஊசிகள் ஏறும். மின்சாரம் பாயும்போது உடம்பு ஒருமுறை தூக்கிவாரிப் போடும். உற்றார் உறவினர் எல்லோரும் திரைக்கு வெளியே.

என் நண்பர் ஒருவர் டாக்டர். முப்பது வருஷம் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சுவாக்கில் ஒருநாள் சொன்னார்:

"எலும்பு முறிவது உள்ளங்கைக்குத் தெரியும், ஸார். இருபத்தைந்து வயதுப் பையன் என்றால் அது தெரிந்தாலும் மனசு பொருட்படுத்தாது. பிழைத்து எழுந்தால் எலும்பு தானாகக் கூடிக்கொள்ளும். ஆனால் உடம்பெல்லாம் புற்று பரவின பாட்டி ஒருத்தி இருப்பாள். முந்தின நாள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'போதும் ராஜா' என்று சொல்லியிருப்பாள். அவள் மார்பிலே கை வைக்கும்போது, நான் வைத்தியம் செய்கிறேனா, வேறு ஏதாவது செய்கிறேனா என்று எனக்கே தெரியாது."

"அப்படியானால் ஏன் செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"வெளியே பிள்ளைகள் நிற்கிறார்களே, ஸார். 'எல்லாம் செய்துவிட்டீர்களா டாக்டர்?' என்று கேட்பார்களே!"

எல்லாம் செய்துவிட்டீர்களா? இந்தச் சின்ன வாக்கியத்தை நான் பல நாள் மனத்திலே புரட்டிப் பார்த்திருக்கிறேன். அன்பு, பயம், குற்ற உணர்ச்சி, ஊர் வாய் ஆகிய நான்கும் அதிலே கலந்திருக்கின்றன. எது எவ்வளவு என்று கேட்பவருக்கே தெரியாது. அமெரிக்க டாக்டர்கள் இதைப் பற்றி வேடிக்கையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1991-ல் முதியோர் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் அது அச்சிலேயே வந்தது: 'கலிபோர்னியாவிலிருந்து வந்த மகள்.' பெற்றவளை வருஷக்கணக்கில் பார்க்காத மகள், கடைசி நாளில் விமானம் ஏறி வந்து இறங்கி, எதையும் விட்டுவிடக் கூடாது, எல்லாம் செய்ய வேண்டும் என்று அதட்டுவாளாம். கூடவே இருந்து மலமூத்திரம் எடுத்த மகள் மூலையில் வாய் திறவாமல் நிற்பாள். கலிபோர்னியாக்காரர்கள் அதே மகளை நியூயார்க்கிலிருந்து வந்தவள் என்கிறார்களாம். நம் ஊரில் அவள் எந்த ஊரிலிருந்து வருவாள் என்பதை வாசகர்களே நிரப்பிக்கொள்ளலாம். அவளைக் கண்டு நாம் சிரிக்கலாம். ஆனால் வெறுக்க முடியாது. வராமற்போன வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே நாளில் கடன் தீர்க்க வந்தவள் அவள். கடன் அவளுடையது. அதைத் தீர்ப்பது தாயின் விலா எலும்பு.

அவள் அப்படி நம்புவதற்கும் காரணம் உண்டு. 1996-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மூன்று பிரபல டெலிவிஷன் தொடர்களை உட்கார்ந்து பார்த்துக் கணக்கெடுத்தார்கள். 60 முறை இதயம் நின்றது. அவற்றில் 67 சதவிகிதம் பிழைத்து வீடு திரும்பியதாகவே கதை சென்றது. நிஜம் என்ன? 1992 முதல் 2005 வரை அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் இந்தச் சிகிச்சை பெற்ற 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் 4,30,000-க்கும் அதிகமானோரின் கணக்கு 2009-ல் வெளியாயிற்று. உயிரோடு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். என்னைப் போன்ற கதாசிரியர்களுக்கு இதில் பங்கு உண்டு. கதாநாயகன் கண் விழிக்க வேண்டும் என்று நாங்கள் எழுதுகிறோம். வாசகர்களும் அதையே விரும்புகிறார்கள்.

"நூற்றுக்கு 18 பேர் பிழைக்கிறார்களே, அது குறைவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பதினெட்டில் ஒருவர் உங்கள் தகப்பனாராக இருந்தால் அது உங்களுக்கு நூற்றுக்கு நூறு. ஆகவே கணக்கை வைத்து மட்டும் இந்த வழக்கைத் தீர்த்துவிட முடியாது. ஒருவர் அந்தப் பதினெட்டுக்காக என்ன துன்பத்தையும் ஏற்கத் தயாராக இருக்கலாம். அது வீரம். இன்னொருவர், எண்பத்திரண்டைப் பார்த்துவிட்டு, என்னை நிம்மதியாகப் போகவிடுங்கள் என்று சொல்லலாம். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கணக்குக்கு அப்பால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: தீர்மானிப்பது யார்?

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்திக்கப் பயந்தபோதுதான் பொய் புகுந்தது. உறவினர் 'எல்லாம் செய்யுங்கள்' என்கிறார்கள். டாக்டருக்கோ பயனில்லை என்று தெரிகிறது. அவர் என்ன செய்தார் தெரியுமா? மெதுவாக நடந்து போனார். மார்பை அழுத்துவது போல் அழுத்தினார். கொஞ்ச நேரம் ஆனதும் வெளியே வந்து, "எங்களால் ஆனதெல்லாம் செய்தோம்" என்றார். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் இதற்கு 'ஸ்லோ கோட்' என்று பெயரே உண்டு. காதும் காதும் வைத்தாற்போல் நடக்கும் நாடகம் இது.

கருணையால் ஆடும் நாடகம்தானே, இதில் என்ன குற்றம் என்று சிலர் கேட்பார்கள். எனக்கும் அந்த டாக்டர்மேல் இரக்கம் உண்டு. ஆனால் கருணையால் சொன்ன பொய்யும் பொய்தான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நியூயார்க்கில் சாட்சி கிடைத்தது. அந்த நகரத்து குவீன்ஸ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில், இதயம் நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று கருதிய நோயாளிகளின் அட்டையில் ஊதா நிறத்தில் சின்னப் பொட்டு ஒன்றை ஒட்டி வைப்பார்களாம். நோயாளி இறந்தவுடன் அந்த அட்டையை எறிந்துவிடுவார்கள். யார் தீர்மானித்தார்கள், யாரைக் கேட்டுத் தீர்மானித்தார்கள் என்பதற்குச் சுவடே இராது. 1984-ல் கிராண்ட் ஜூரியின் அறிக்கை இதை வெளியே கொண்டுவந்தது. நெற்றியில் இடும் பொட்டு நமக்கு மங்கலம். அட்டையில் ஒட்டின இந்தப் பொட்டை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஏழை, அநாதை, கேட்பாரற்ற கிழவன், பேசத் தெரியாத பெண் ஆகிய இவர்கள் அட்டையில் அந்தப் பொட்டு எவ்வளவு சுலபமாக விழும்! 'பயனில்லை' என்ற வைத்தியத் தீர்ப்பு, 'இவனால் யாருக்கும் பயனில்லை' என்ற உலகத் தீர்ப்பாக மாறுவதற்கு எத்தனை நேரம் ஆகும்?

நல்லவர்களும் இருந்தார்கள். 1974-லேயே அமெரிக்க டாக்டர்கள் வகுத்த நெறிகள், இந்தச் சிகிச்சை எதிர்பாராத திடீர்ச் சாவைத் தடுக்க ஏற்பட்டது. மீள முடியாத நோயின் முடிவில் எதிர்பார்த்து வரும் சாவுக்கு ஏற்றதல்ல என்று ஒப்புக்கொண்டன. 1976-ல் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரிகள் இரண்டு, இதயத்தை மீட்க முயல வேண்டாம் என்ற உத்தரவை எப்படி எழுதுவது என்று தங்கள் விதிமுறைகளைப் பகிரங்கமாக அச்சிட்டு வெளியிட்டன. ரகசியமாக நடந்தது எழுத்துக்கு வந்தது. 1987-ல் நியூயார்க் மாநிலம் இதற்கென்றே சட்டம் இயற்றியது. 2014-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படிப்பட்ட உத்தரவை எழுதுமுன் நோயாளியைக் கலந்துகொள்ள வேண்டும். கேட்டால் அவர் மனம் வருந்துவாரே என்பது மட்டும் கேளாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. நம் நாட்டிலும் 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு, கௌரவத்தோடு இறப்பதும் வாழும் உரிமையைச் சேர்ந்ததே என்றும், ஒருவர் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் சொன்னது. 2023-ல் அதன் நடைமுறையைச் சுலபமாக்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் இதய மீட்பு வேண்டாம் என்ற உத்தரவுக்கென்றே நெறிகளை வெளியிட்டது.

சட்டம் வந்தாயிற்று. பிரச்னை தீர்ந்ததா? தீரவில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், கணவரை இழந்து ஒரு வருஷம் ஆகியும் தேறாதவர், என்னிடம் கேட்டார்: "டாக்டர் என்னைக் கூப்பிட்டு, 'இதயம் நின்றால் அழுத்தட்டுமா, வேண்டாமா? இதிலே கையெழுத்துப் போடுங்கள்' என்றார். நான் வேண்டாம் என்று போட்டேன். நான் பண்ணினது பாவம் இல்லையா? நானே அவரை அனுப்பிவிட்டேனே!"

அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்லுகிறேன். "அம்மா, அவரை அனுப்பினது வியாதி. நீங்கள் வழிமறிக்காமல் நின்றீர்கள்; அவ்வளவுதான். கொல்லுவது வேறு, போகவிடுவது வேறு." ஆனால் அந்த அம்மாளைப் பிடித்து வாட்டிய துயரத்துக்கு, கேட்ட விதமும் காரணம். அழுத்தட்டுமா வேண்டாமா என்று ஒரு மனைவியிடம் கேட்பது, வைத்தியத்தின் பாரத்தை முழுக்க அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டு டாக்டர் கையை உதறிக்கொள்வதாகும். ஊதாப் பொட்டு வைத்த டாக்டர் தாமே எல்லாம் தீர்மானித்தார். இந்த டாக்டர் ஒன்றையுமே தீர்மானிக்க மாட்டேன் என்கிறார். இரண்டும் ஒரே பயத்தின் இரண்டு முகங்கள்.

டாக்டர் சொல்ல வேண்டியது வேறு. "இவர் நோய் இன்ன நிலையில் இருக்கிறது. இதயம் நின்றால், அழுத்தி மீட்கும் முயற்சியால் இவருக்கு நன்மை விளையும் என்று நான் நினைக்கவில்லை. வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இவர் பேசக்கூடியவராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்." இப்படிக் கேட்டால் பாரம் பங்காகிறது. மனைவி தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. சாட்சி சொன்னால் போதும். கணவரோடு நாற்பது வருஷம் வாழ்ந்தவளுக்கு அந்தச் சாட்சி சொல்லத் தெரியும்.

அதைவிட நல்லது, அவரே பேசக்கூடிய நாளில் அவரையே கேட்டுவிடுவது. நாம் கேட்பதில்லை. அபசகுனம் என்கிறோம். வீடு யாருக்கு, நகை யாருக்கு என்று உயில் எழுதுவதற்கு வெட்கப்படாத நாம், கடைசி மூச்சு எப்படிப் போக வேண்டும் என்று கேட்க நாக்கூசுகிறோம். இத்தனைக்கும் சாவை வீட்டுக்குள் வைத்தே பார்த்துப் பழகியவர்கள் நாம். தலைமாட்டில் விளக்கேற்றி, துளசித் தீர்த்தம் விட்டு, பேரன் கையால் ஒரு சொட்டுப் பால் ஊற்றி அனுப்பினவர்கள். அந்தக் கிழவிக்குக் கடைசியில் தெரிந்தது பெற்ற பிள்ளைகளின் முகம். அது பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். பிழைத்திருக்கக் கூடியவர்கள் பலர் அன்று வீணாக மாண்டார்கள். ஆனால் பிழைக்க முடியாதவர்களுக்கு அன்று இருந்த ஒரு சலுகை, அந்நியர் நடுவே திரைக்குப் பின்னால் சாகாமல் இருப்பது, இன்று பறிபோயிற்று.

அந்தத் திரையைப் பற்றி இன்னொரு செய்தி. 1982-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜாக்சன் என்ற ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில், நோயாளியை விட்டு வெளியே போக மாட்டோம் என்று இரண்டு குடும்பத்தார் பிடிவாதம் பிடித்தார்கள். அதிலிருந்து அங்கே உறவினர் உள்ளே இருக்கலாம் என்ற வழக்கம் ஏற்பட்டது. 2013-ல் பிரான்சு தேசத்தில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, வீட்டில் நடந்த இதய மீட்பு முயற்சிகளை எடுத்துக்கொண்டது. பக்கத்தில் இருக்க அழைக்கப்பட்ட உறவினர்களைவிட, அப்படி அழைக்கப்படாதவர்களே மூன்று மாதத்துக்குப் பிறகு அதிக மனச் சங்கடத்தில் இருந்தார்கள் என்று கண்டது. நிஜம் எவ்வளவு கொடியதானாலும், கற்பனை அதைவிடக் கொடியது போலும். கண்ணால் பார்த்தவன், 'எல்லாம் செய்தாயிற்றா?' என்று கேட்க மாட்டான். சில சமயம் அவனே, "போதும், விட்டுவிடுங்கள்" என்பான்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். இதயத்தை மீட்க வேண்டாம் என்ற உத்தரவுக்கு, நோயாளியைக் கைவிடு என்று பொருள் அல்ல. வலிக்கு மருந்து உண்டு. மூச்சுத் திணறலுக்கு மருந்து உண்டு. வறண்ட உதட்டை நனைக்கப் பஞ்சும் தண்ணீரும் உண்டு. அழுத்துவதை மட்டும்தான் விடுகிறோம். அந்த நேரம் வரும்போது டாக்டருடைய கைகளுக்கு வேலை இல்லாமற் போகலாம். பிள்ளையின் கைகளுக்கு இருக்கிறது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அது குளிரும் வரை உட்கார்ந்திருக்கிறானே, அவனைப் பார்த்து யாராவது, "எல்லாம் செய்தாயிற்றா?" என்று கேட்டால், ஆம் என்று அவன் கூசாமல் சொல்லலாம்.